மலைக்கோச்சியின் வரவு செலவு

கடல் மட்டத்திலிருந்து 1,891 மீற்றர். அடிக்கணக்கில் 6,204. இது பட்டிப்பொல புகையிரத நிலையத்தின் உயரம். நிலையத்தைத் தாண்டி ஒஹிய பக்கமாகக் கொஞ்சம் போனால் பாதையின் உச்சி வரும்: 1,898 மீற்றர். இலங்கையில் இன்று ஓடுகிற எந்த ரயிலும் இதற்கு மேலே ஏறுவதில்லை.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் தண்டவாளம் கடலைவிடச் சில மீற்றர் உயரத்தில்தான் கிடக்கிறது. ஆனையிறவின் உப்புத் தரவையிலிருந்து காங்கேசன்துறை வரை ஏற்றம் என்று சொல்லத்தக்க எதையும் வண்டி சந்திப்பதில்லை. பனையும் வெளியும்தான். மலை பார்க்க வேண்டுமென்றால் நாங்கள் காசு கட்டி, ஒரு நாளைச் செலவழித்துப் போய்த்தான் பார்க்க வேண்டும். அந்தக் காசும் நாளும் எங்கே போகின்றன என்று ஒருமுறை தாளில் எழுதிக் கூட்டிப் பார்க்கலாம்.

முதலில் தூரம். வடக்குப் பாதை பொல்கஹவெலச் சந்தியில் பிரிந்து காங்கேசன்துறை வரை 339 கிலோமீற்றர் ஓடுகிறது. மலைப்பாதைக்கும் அதுதான் சந்தி. யாழ்ப்பாணத்தில் ஏறியவர் பொல்கஹவெலவில் இறங்கி, பதுளை வண்டிக்குக் காத்திருந்து மாற வேண்டும். யாழ்ப்பாணம் முதல் பொல்கஹவெல வரை ஏறத்தாழ 320 கிலோமீற்றர். அங்கிருந்து பதுளைக்கு ஏறத்தாழ 217. ஆக மொத்தம் 540 கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடுதல் அல்லது குறைவு. இதில் முதல் 320 கிலோமீற்றரையும் ஐந்தரை ஆறு மணித்தியாலத்தில் கடந்துவிடலாம். மிச்ச 217 கிலோமீற்றருக்கு எட்டு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டும். தூரத்தில் ஐந்தில் இரண்டு பங்கு, நேரத்தில் பாதிக்கு மேல். அந்தக் கூடுதல் நேரம்தான் இன்று விற்பனைக்கு இருக்கும் சரக்கு.

நல்லூர்த் திருவிழாவுக்குச் சுவிசிலிருந்து வருகிறவர்கள் இதை நன்றாக அறிவார்கள். இருபத்தைந்து நாள் திருவிழாவில் இடையிலே இரண்டு மூன்று நாளைக் கழித்துக்கொண்டு பிள்ளைகளோடு மலைப்பாதையிலுள்ள எல்லவுக்குப் போய் வருவது இப்போது வழக்கமாகிவிட்டது. அவர்கள் குடியிருக்கும் நாட்டிலேயே உலகம் அதிகம் பேசும் மலைரயில் ஒன்று ஓடுகிறது. கிளேசியர் எக்ஸ்பிரஸ் என்று பெயர். செர்மாட் முதல் சென்மொரிட்ஸ் வரை 291 கிலோமீற்றர். கொழும்பு கோட்டையிலிருந்து பதுளை 290 கிலோமீற்றர். ஒரே ஒரு கிலோமீற்றர்தான் வித்தியாசம்.

மற்றக் கணக்கையும் போடுவோம். அங்கே 91 சுரங்கம், 291 பாலம், ஒபரால்ப் கணவாயில் 2,033 மீற்றர் உயரம், பயணம் எட்டு மணித்தியாலம். இங்கே 46 சுரங்கம், 1,898 மீற்றர் உயரம், பயணம் பத்து மணித்தியாலம். அவர்களுடைய சராசரி வேகம் மணிக்கு 36 கிலோமீற்றர், எங்களுடையது 29. உலகிலேயே மிக மெதுவான விரைவுவண்டி என்று சுவிஸ்காரர் பெருமையாக விளம்பரம் செய்கிறார்கள். அதைவிட மெதுவாகப் போகும் வண்டியை வைத்துக்கொண்டு நாங்கள் பிந்துகிறது, பிந்துகிறது என்று புறுபுறுத்துக்கொண்டிருக்கிறோம்.

ஏன் மெதுவு? பாதையைப் போட்டவர்கள் சரிவுக்கு ஓர் எல்லை வைத்தார்கள்: 44 மீற்றர் ஓடினால் 1 மீற்றருக்கு மேல் ஏறக்கூடாது. கிலோமீற்றருக்கு 22.7 மீற்றர். வளைவுக்கு ஆகக் குறைந்த ஆரை 5 சங்கிலி, அதாவது ஏறக்குறைய 100 மீற்றர். இந்த இரண்டு எண்ணும்தான் மலையகக் காட்சி முழுவதையும் உண்டாக்கியவை. றம்புக்கணை 88 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. உச்சி அங்கிருந்து 140 கிலோமீற்றர் தண்டவாளத் தூரம். கடுகண்ணாவையில் ஏறி, பேராதனையில் சற்று இறங்கி, நாவலப்பிட்டியில் திரும்ப ஏறத் தொடங்கி, கடைசியில் கூடுதலாகச் சேர்வது 1,810 மீற்றர். சராசரி கிலோமீற்றருக்கு 13 மீற்றர். உச்சியிலிருந்து பதுளைக்கு 66 கிலோமீற்றரில் 1,246 மீற்றர் இறக்கம். சராசரி 19 மீற்றர். இறக்கம் ஏற்றத்தைவிடச் செங்குத்து. ஹப்புத்தளைக்குப் பிறகு ஆட்கள் கதவடிக்கு வந்துவிடுவதற்குக் காரணம் இந்த 19தான்.

நேரே ஏற முடியாத மலையில் பாதை சுற்றிச் சுற்றித்தான் போக வேண்டும். முப்பது மீற்றர் இறங்குவதற்கு 1,320 மீற்றர் தண்டவாளம் தேவை; அதற்கு இடமில்லாவிட்டால் இடத்தை உண்டாக்க வேண்டும். தெமோதரையில் அதைத்தான் செய்தார்கள். நிலையத்தை விட்டு வெளிக்கிட்ட பாதை ஒரு வட்டம் சுற்றி, அதே நிலையத்துக்குக் கீழே சுரங்கத்தால் வெளியே வருகிறது. பயணிக்கு அது வேடிக்கை. பாதை போட்டவருக்கு 1க்கு 44 என்ற எல்லையைக் காப்பாற்றிக்கொண்ட கணக்கு.

நீலகிரிக்காரர் வேறு வழி எடுத்தார்கள். மேட்டுப்பாளையம் 326 மீற்றர், உதகமண்டலம் 2,203 மீற்றர், இடையில் 46 கிலோமீற்றர் மட்டும். கிலோமீற்றருக்குச் சராசரி 41 மீற்றர். ஆகச் செங்குத்தான இடத்தில் 12.28 மீற்றருக்கு 1 மீற்றர். வெறும் சக்கரம் அங்கே வழுக்கும். ஆகவே நடுவில் பற்சட்டம் பதித்து, பல்லுச் சக்கரம் பூட்டிய சுவிஸ் எஞ்சினைக் கொண்டுவந்தார்கள். குன்னூர் வரை 1899இலும் ஊட்டி வரை 1908இலும் திறந்த பாதை அது. 208 வளைவு, 16 சுரங்கம், 250 பாலம். ஏறுவதற்கு 290 நிமிடம், அதாவது மணிக்குப் பத்துக் கிலோமீற்றருக்கும் குறைவு. 2005இல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னமாக்கியது. குறுகிய பாதை, சிறிய பெட்டி, சில பயணிகள் என்பது அதன் கணக்கு. எங்கள் மலைப்பாதையோ கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் கிடக்கும் அதே ஐந்தரை அடி அகலப்பாதை. அகலத்தை மட்டும் பார்த்தால், வடக்கே ஓடும் யாழ்தேவியை இழுத்த எஞ்சின் பதுளைக்கும் போகலாம். சுற்றுலாவுக்கென்று யாரும் இவ்வளவு அகலமாகப் போடமாட்டார்கள். கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்கும் போட்டது.

அதனால்தான் ஆண்டுக் கணக்கும் இப்படி இழுபடுகிறது. கண்டிக்கு 1867. நாவலப்பிட்டிக்கு 1874. நானுஓயாவுக்கு 1885. பண்டாரவளைக்கு 1894. பதுளைக்கு 1924. தோட்டம் எவ்வளவு தூரம் போனதோ, அதன் இலாபம் எவ்வளவு தூரம் நிச்சயமானதோ அவ்வளவு தூரம் தண்டவாளமும் போனது. பண்டாரவளையைத் தொட்ட அதே 1894இல் வடக்குப் பாதையின் முதல் துண்டு பொல்கஹவெலவிலிருந்து குருநாகலுக்குத் திறந்தது. பதினொரு ஆண்டு கழித்து, 1905 ஓகஸ்ட் 1ஆம் திகதி, கொழும்பு ரயில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது. காங்கேசன்துறை – யாழ்ப்பாணம் துண்டை 1902இலேயே போட்டு ஓடவிட்டிருந்தார்கள். ஆக, சமவெளியில் முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் 11 ஆண்டில் முடிந்தது. பண்டாரவளையிலிருந்து பதுளைக்கு 33 கிலோமீற்றர், 30 ஆண்டு. இடையில் உலகப்போர் வந்தது என்பது உண்மை. போர் இல்லாவிட்டாலும் இந்த விகிதம் தலைகீழாகியிராது.

அந்த 33 கிலோமீற்றருக்குள்தான் எல்லோரும் படம் எடுக்கும் ஒன்பது வளைவுப் பாலம் இருக்கிறது. 91 மீற்றர் நீளம், 24 மீற்றர் உயரம், 7.6 மீற்றர் அகலம், 1921இல் முடிந்தது. உருக்கு இல்லாமல் கொங்கிறீற்றாலும் கல்லாலும் கட்டியது. வளைந்துகொண்டே இறங்கும் பாலம் என்பதால் படத்தில் அழகாக விழுகிறது. நேராக இருந்திருந்தால் எல்லவுக்கு இத்தனை விடுதி வந்திராது.

இனி டொலர்க் கணக்கு. மலைப்பாதையை இன்று புதிதாகப் போட்டால் என்ன செலவு என்று சொல்ல யாரிடமும் நேரான எண் இல்லை. ஆனால் சமவெளியில் ஒரு மீற்றர் தண்டவாளத்தின் விலை எங்களுக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் அதைத் திரும்ப வாங்கியவர்கள் நாங்கள். போரினால் 1990 ஜூன் 13ஆம் திகதியோடு யாழ்ப்பாணத்துக்கு ரயில் நின்றது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பதுங்குகுழிக்கு மேல்மூடியாகின. இந்தியக் கடனில் இர்கொன் நிறுவனம் திரும்பப் போட்டது. கிளிநொச்சிக்கு 2013 செப்ரெம்பர், பளைக்கு 2014 மார்ச், யாழ்ப்பாணத்துக்கு 2014 ஒக்ரோபர் 13, காங்கேசன்துறைக்கு 2015 ஜனவரி 2. யாழ்ப்பாண நிலையம் ரயில் இல்லாமல் இருந்த காலம் சரியாக 24 ஆண்டும் 4 மாதமும்.

ஓமந்தை முதல் பளை வரை 90 கிலோமீற்றருக்கு 185 மில்லியன் டொலர். பளை முதல் காங்கேசன்துறை வரை 56 கிலோமீற்றருக்கு 149 மில்லியன். இரண்டையும் கூட்டிப் பிரித்தால் மீற்றருக்கு ஏறத்தாழ 2,300 டொலர். பின்னர் மாகோ – ஓமந்தை 128 கிலோமீற்றரைப் புதுப்பித்தார்கள். அதற்கு 91 மில்லியன் டொலர். மீற்றருக்கு 710. முதலாவது அழிந்த பாதை, இரண்டாவது தேய்ந்த பாதை. ஆண்டும் வேலையும் ஒன்றில்லை. முதலாவதில் நிலையக் கட்டடங்களும் பாலங்களும் அடக்கம். ஆனாலும் அழிந்ததற்கும் தேய்ந்ததற்கும் உள்ள வித்தியாசம் மூன்று மடங்குக்கு மேல் என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளலாம். இந்த வித்தியாசத்தை 146 கிலோமீற்றருக்குப் பெருக்கினால் 230 மில்லியன் டொலர் வருகிறது. குடாநாட்டை நாட்டோடு இணைத்த தண்டவாளத்தில் மட்டும் போர் எழுதிய பற்று அது.

இவ்வளவு செலவழித்து வடக்கில் வாங்கியது வேகம். பாதையை மணிக்கு 100 கிலோமீற்றருக்கு ஏற்றதாக்கினார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ஏறத்தாழ 395 கிலோமீற்றர், ஏழு மணித்தியாலம், சராசரி 56. சென்னை ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் செய்த பெட்டிகளோடு 2019 ஜனவரியில் உத்தரதேவி வந்தபோது எல்லோரும் கேட்ட முதல் கேள்வி எத்தனை மணித்தியாலம் என்பதுதான். அரை மணித்தியாலம் மிச்சம் என்றால் இங்கே அதற்கு விலை உண்டு. கண்டியிலிருந்து எல்லவுக்கு 160 கிலோமீற்றர். ஆறரை ஏழு மணித்தியாலம், சராசரி 24. அந்தப் பயணத்தில் அரை மணித்தியாலத்தைக் குறைத்துத் தருகிறோம் என்றால் எந்தச் சுற்றுலாப் பயணியும் ஒரு சதம் கூட்டிக் கொடுக்கமாட்டார். நாலு மணித்தியாலத்தில் பஸ்ஸில் போகக்கூடியவர் ஏழு மணித்தியாலம் கேட்டு வாங்குகிறார். ஒரே திணைக்களம், ஒரே அகலத் தண்டவாளம். ஒரு கடையில் நேரத்தை மிச்சம்பிடித்துத் தருகிறது, அடுத்த கடையில் நேரத்தை அளந்து விற்கிறது. இரண்டுக்கும் ஒரே விலைப்பட்டியல் வைத்திருந்ததுதான் பிசகு என்று எனக்குப் படுகிறது.

பிசகின் அளவு 2025 ஜனவரியில் வெளியே வந்தது. ஒதுக்கீட்டு ரிக்கற் பயணத் திகதிக்கு 30 நாளுக்கு முன்னர் இணையத்தில் திறக்கும். எல்ல ரயிலுக்கான ரிக்கற்றுகள் திறந்து 42 செக்கனில் முடிந்துவிடுகின்றன என்று அமைச்சரவைப் பேச்சாளர் நளிந்த ஜயதிஸ்ஸ சொன்னார். 2,000 ரூபா ரிக்கற் வெளிநாட்டாருக்கு 16,000 ரூபா வரை விற்கப்படுவதாகவும் கணக்கு வந்தது. குற்றப்புலனாய்வுத் திணைக்களம் விசாரணையில் இறங்கியது.

ரிக்கற் 2,000. மறுவிற்பனை 16,000. இடையில் 14,000. தண்டவாளம், சுரங்கம், எஞ்சின், சாரதி, டீசல், நிலைய அதிபர், பாதை காக்கும் தொழிலாளி எல்லாம் சேர்ந்து ஒரு ரிக்கற்றில் எட்டில் ஒரு பங்கைப் பெறுகின்றன. கணினியில் முதலில் அழுத்தியவருக்கு எட்டில் ஏழு. ஒரு வண்டியில் 200 ஒதுக்கீட்டு இருக்கை இப்படிப் போனது என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால், ஒரு பயணத்தில் 28 இலட்சம் ரூபா புகையிரதத் திணைக்களத்தின் கல்லாவைத் தொடாமலே கைமாறியிருக்கும். இந்த 200 என் ஊகம். 42 செக்கன் ஊகம் இல்லை.

தேவை எவ்வளவு என்று பார்த்தால் இது ஆச்சரியமும் இல்லை. 2018இல் இலங்கைக்கு வந்த சுற்றுலாப் பயணிகள் 2,333,796. கொரோனாவும் பொருளாதார நெருக்கடியும் கடந்து 2023இல் 1,487,303. 2024இல் 2,053,465. இவர்களில் பத்தில் ஒருவர் மலைரயில் ஏற நினைத்தாலும் ஆண்டின் ஒவ்வொரு நாளும் 560 இருக்கை வேண்டும். ஊர்ச் சனம் இந்த எண்ணுக்கு வெளியே. கிளேசியர் எக்ஸ்பிரஸ்ஸில் இருக்கை ஒதுக்குவதற்கே தனியாக ஏறத்தாழ 50 பிராங்கை நிறுவனமே நேராக வாங்கிவிடுகிறது. தரகருக்கு விட்டுவைப்பது மிகக் குறைவு.

அந்த 16,000த்தை இன்னொரு தராசிலும் வைக்க வேண்டும். பாதையின் இரண்டு பக்கமும் கொழுந்து பறிக்கும் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாவாகி, 2024இல் 1,350 ஆனது. அந்த 1,350 கணக்கில் ஒரு மறுவிற்பனை ரிக்கற் 12 நாள் சம்பளம். தரகர் தலையிடாத 2,000 ரூபா ரிக்கற்றும் ஒன்றரை நாள். படத்தில் பச்சைச் சரிவும் கூடை சுமந்த பெண்களும் விழாவிட்டால் அந்த ரிக்கற்றுக்கு இந்த விலை இல்லை. படத்தில் விழுந்தவருக்கு அதில் சல்லிக்காசும் இல்லை.

அந்தத் தோட்டத் தொழிலாளர்கள் இதே பாதையில் பயணிகளாகப் போனதும் ஒரு கணக்கு, சுற்றுலாத் துறையின் எந்தப் பேரேட்டிலும் ஏறாத கணக்கு. 1948இல் அவர்களுடைய குடியுரிமை பறிபோனது. 1964 ஒக்ரோபர் 30ஆம் திகதி இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்டபோது மேசையில் இருந்த தொகை 975,000 பேர். இந்தியாவுக்கு 525,000, இலங்கைக்கு 300,000. மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று ஒத்திவைத்து, 1974இல் பாதிக்குப் பாதி பிரித்தார்கள். தோட்டத்தை விட்டுக் கிளம்பியவர்கள் மலையக நிலையங்களில் ஏறி, பொல்கஹவெல, மாகோ, மதவாச்சி என்று தாண்டித் தலைமன்னாரில் கப்பல் பிடித்தார்கள். வண்டி கிளம்பும்போது மேடையிலும் பெட்டியிலும் எழுந்த அழுகையால் அதற்கு ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் வந்தது. வண்டிக்கு 1,000 பேர் என்று போட்டால் ஒப்பந்தத்தின் முதல் எண்ணுக்கே 525 வண்டி. எண்ணியபடி எல்லோரும் போகவில்லை. போனவர்கள் ஒருவழிச் சீட்டில் போனார்கள்.

அவர்களில் பலர் போய்ச் சேர்ந்தது நீலகிரிக்கு. தமிழ்நாடு அரசு 1968இல் அவர்களுக்கென்றே அங்கே தேயிலைத் தோட்டம் தொடங்கியது. கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் அப்படிக் குடியேறிய குடும்பங்கள் இப்போது மூன்றாம் தலைமுறையில் இருக்கின்றன. ஒரு மலைரயிலின் ஓரத்தில் கொழுந்து பறித்தவர்கள், இரண்டு கடற்கரையும் சில சந்திகளும் தாண்டி, இன்னொரு மலைரயில் ஓடும் மாவட்டத்தில் அதே கொழுந்தைப் பறிக்கப் போனார்கள். ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் நடுவில் 562 மீற்றர் நீளமான சிங்கமலைச் சுரங்கம் இருக்கிறது, இந்தப் பாதையிலேயே நீளமானது. அதன் இருட்டுக்குள் இன்று வண்டி நுழைந்ததும் பயணிகள் கூவுவார்கள். இரண்டு தலைமுறைக்கு முன்னர் அந்த இருட்டுக்குள் கேட்டது வேறு சத்தம்.

மூடப்பட்ட கணக்கும் ஒன்று உண்டு. நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலைக்கு இரண்டரை அடிச் சிறுபாதை ஒன்று 1904 முதல் ஓடியது. ஏறத்தாழ 31 கிலோமீற்றர். அதிலிருந்த கந்தப்பளை நிலையம் பட்டிப்பொலவைவிட உயரம். றோட்டும் லொறியும் வந்ததும் தேயிலை அதற்கு மாறியது, பாதை நட்டத்தில் விழுந்தது, 1940களில் கழற்றிவிட்டார்கள். தேயிலைக்கு மட்டும் கணக்குப் பார்த்தால் அந்த முடிவு சரி. இன்று நுவரெலியாவுக்குள் நேரே போகும் ஒரு சிறுரயில் இருந்திருந்தால் அதன் ரிக்கற் எத்தனை செக்கனில் முடியும் என்று நினைத்துப் பாருங்கள்! பதுளைப் பாதையின் தேயிலையும் லொறிக்குப் போய்விட்டது. ஊர்ச் சனத்தின் மூன்றாம் வகுப்பும் வெளிநாட்டாரின் கமெராவும்தான் அதைக் கழற்றாமல் காப்பாற்றியிருக்கின்றன.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலைநாட்டின் மேல் கொட்டியது. மண் சரிந்து பாதை பல இடங்களில் பெயர்ந்தது. அதைத் திருத்தும் செலவைக் கணக்கிட வடக்கின் 710 டொலரும் 2,300 டொலரும் மலைக்குப் பொருந்தா. அங்கே மீற்றர் தண்டவாளத்துக்குக் கீழே ஒரு தாங்குசுவரும் பக்கத்தில் ஒரு வடிகாலும் மேலே ஒரு சரிவும் சேர்ந்துதான் விலை. ஒரு ரிக்கற்றில் 14,000 ரூபா வெளியே ஒழுகும் பாதையைக் கடன் வாங்கித் திருத்துவதற்கு முன்னர் அந்த ஒழுக்கை அடைப்பது மலிவு. பெயரும் கடவுச்சீட்டு இலக்கமும் பார்த்து ஏற்றுவதற்குப் பெரிய முதலீடு தேவைப்படாது. பார்வைப் பெட்டிக்கு மட்டும் உண்மையான விலை வைத்து, மூன்றாம் வகுப்பை அப்படியே விடலாம்.

யாழ்ப்பாணத்திலிருந்து போக நினைக்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு: முழுப்பாதையும் ஓடும் நாளில், பொல்கஹவெலவில் இறங்கிக் கவுண்டரில் ஒதுக்கீடில்லாத ரிக்கற் எடுங்கள். அதை 30 நாளுக்கு முன்னர் யாரும் பதுக்க முடியாது. நாவலப்பிட்டி வரையோ ஹட்டன் வரையோ நிற்க வேண்டி வரலாம். குளிரூட்டிய முதல் வகுப்பில் யன்னல் திறக்காது, ஒதுக்கீடில்லாத பெட்டியில் திறக்கும்.